வைஃபை விட்டு விட்டு வருதா? ரௌட்டரைத் திட்டுமுன் கொஞ்சம் பொறுங்க

இந்த மாதம் கணினிப் பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதை எல்லாரும் எழுதுறாங்க. என் வீட்டில் மூன்று வாரம் நடந்த ஒரு கூத்தைச் சொன்னால் அதைவிட உங்களுக்கு உதவும் என்று தோன்றியது. மடிக்கணினியில் வைஃபை அறுந்து அறுந்து வந்த கதைதான் அது. முழுசாக வராமல் போனால் பிரச்சினையே இல்லை, ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம். ஆள் வரும்போது நல்லாவே வேலை செய்துவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளை எடுத்ததும் அறுந்தால் என்ன செய்வீங்க?

நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன பருவத்தில் ஒரு பாடத்துக்கு இணையம் வழி சோதனை வைத்தார்கள். இரவு 8.30 மணிக்கு ஆரம்பம், 40 நிமிடம், 20 கேள்வி, மொத்த மதிப்பெண்ணில் 10 விழுக்காடு. 8.40 இருக்கும், திரை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தது, மறுபடியும் போனது. பதினொரு கேள்விக்குத்தான் பதில் அனுப்ப முடிந்தது. மறுவாய்ப்பு கிடையாது என்று விரிவுரையாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் கேட்டும் பயனில்லை.

அன்றைக்குக் கோபத்தில் நான் செய்த முதல் காரியம், பக்கத்து அறைக்குப் போய்த் தங்கச்சியைத் திட்டியது. "நீ நாடகம் பார்க்கிறதாலதான் லைன் போகுது"ன்னு கத்தினேன். படிவம் 6 படிக்கிற பிள்ளை. அடுத்த இரண்டு வாரம் இரவு எட்டிலிருந்து பத்து வரை அவள் வைஃபையைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவள் டியூஷன் காணொளிகளை அந்த நேரத்தில்தான் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் நிறுத்திய பிறகும் இணைப்பு அறுந்துகொண்டேதான் இருந்தது.

அப்பா இணையச் சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஆள் வந்து சோதித்துவிட்டு, "லைன் ஓகேதான் தம்பி, சிக்னலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. புது ரௌட்டர் வாங்கிவிடலாம் என்று முடிவானது. அம்மா சீட்டுப் பணத்திலிருந்து 280 வெள்ளி எடுத்து வைத்துவிட்டார். கடைக்குப் போக வேண்டிய சனிக்கிழமைக்கு முன்னால்தான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. வகுப்பில் பழுது கண்டுபிடிக்கும் முறையை மணிக்கணக்கில் படிக்கிறோம், வீட்டில் ஏன் ஒன்றையும் செய்து பார்க்கவில்லை?

எந்தப் பக்கம் அறுகிறது?

வீட்டு இணைப்பில் இரண்டு துண்டு இருக்கு. மடிக்கணினியிலிருந்து ரௌட்டர் வரைக்கும் காற்றில் போவது ஒன்று. ரௌட்டரிலிருந்து வெளியே போகும் ஃபைபர் இன்னொன்று. இரண்டில் எது அறுந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒன்றே, வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு கேள்வி: எல்லாக் கருவிக்கும் போகுதா, ஒன்றுக்கு மட்டும் போகுதா? என் மடிக்கணினி அறுந்த நேரத்தில் அதே அறையில் அப்பாவின் கைத்தொலைபேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காதால் கேட்டுக்கொண்டேதான் "ரௌட்டர் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கருவி மட்டும் அவதிப்பட்டால் முதல் சந்தேகம் அந்தக் கருவி மேலும் அது இருக்கும் இடத்தின் மேலும்தான் விழ வேண்டும். எல்லாமே ஒன்றாகப் போனால் ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் பாருங்கள். அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, போன் போடுங்கள்.

அடுத்தது 'பிங்'. விண்டோஸில் கமாண்ட் புராம்ப்ட் என்கிற கறுப்புச் சன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு எதிரே ஓர் எண் வரும். பல வீடுகளில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். அதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி. இப்போது 'பிங்' என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த முகவரியைப் போட்டு, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சின்னக் கோடும் 'டி' எழுத்தும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். நீங்கள் நிறுத்தும்வரை நொடிக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று ரௌட்டரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது சன்னல் ஒன்று திறந்து இதையே 8.8.8.8 என்ற முகவரிக்குச் செய்யுங்கள். அது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் முகவரி, வெளியே இருக்கிற ஒரு நம்பகமான ஆள்.

இரண்டு சன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அறுகிற நேரத்தில் எட்டிப் பார்த்தால் போதும். ரௌட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்கு, 8.8.8.8 மட்டும் பேசவில்லை என்றால் கோளாறு வெளியே. ரௌட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளே, காற்றில் போகிற பகுதியில் இருக்கு. இரண்டுமே நன்றாகப் பதில் சொல்லியும் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ், விபிஎன், இல்லை அந்த இணையத்தளமே காரணமாக இருக்கலாம்.

என் வீட்டில் சாதாரண நேரத்தில் ரௌட்டர் 3 மில்லி விநாடியில் பதில் சொல்லும். அறுகிற நேரத்தில் 200, 600, பிறகு 'ரிக்வஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரிசையாக வந்தது. வந்து பார்த்த அண்ணன் சொன்னது உண்மைதான். லைனில் ஒரு குறையும் இல்லை. வீணாக அவரைக் குறை சொன்னோம்.

நான் ஏமாந்த இடம்

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்து மடிக்கணினியை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டரில் லேன் கேபிளைச் செருகினேன். இரவு முழுக்க ஒரு தடவைகூட அறவில்லை. ஆக வைஃபைதான் கோளாறு, ரௌட்டரின் வைஃபை செத்துவிட்டது, புதுசு வாங்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எங்கே தப்பு செய்தேன் தெரியுதா? கேபிள் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் நான் ஒரே நேரத்தில் பல விஷயங்களை மாற்றிவிட்டேன். வைஃபைக்குப் பதில் கேபிள், என் அறைக்குப் பதில் ஹால். இன்னொன்றும் மாறியிருந்தது, அது எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்க, வருகிறேன். பழுது தேடும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு வாரமும் காதில் விழும். வீட்டில் பொறுமை இருப்பதில்லை.

அப்புறம்தான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, எவ்வளவு நேரம் போச்சு, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. விண்டோஸே இதைக் கொஞ்சம் எழுதி வைத்திருக்கும். கமாண்ட் புராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்' என்ற நான்கு சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் (டபிள்யூலேன் என்பதற்கு டபிள்யூ, எல், ஏ, என் என்ற நான்கு எழுத்து) கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது பிரிந்தது என்று படமாகவே ஓர் அறிக்கை வரும். ஆனால் இணைப்பு பிரியாமலே தரவு மட்டும் தொலைகிற என்னைப் போன்ற கேஸுக்கு அதில் அதிகம் தெரியாது. நோட்டுப் புத்தகம்தான் கைகொடுத்தது.

ஐந்து நாள் எழுதியதும் ஒன்று கண்ணில் பட்டது. திங்கள் 8.31. செவ்வாய் 8.30. புதன் 8.31. அக்கம்பக்கத்தில் எல்லாரும் இரவில் இணையம் பார்ப்பதால் நெரிசல் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். நெரிசல் என்றால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இப்படி மணி அடித்த மாதிரி 8.30-க்கு வராது. மணி பார்த்து வேலை செய்வது மனிதர்கள் இல்லை, ஏதோ ஒரு மென்பொருள்.

அது என்னுடையதுதான். அதற்கு முந்தைய பருவத்தில் ஆய்வுக்கூட அறிக்கை ஒன்று அழிந்துபோனதால், தினமும் இரவு 8.30-க்கு எல்லாக் கோப்பையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கும்படி நானே அமைத்து வைத்திருந்தேன். அந்த டிஸ்க் எப்போதும் மடிக்கணினியின் இடது பக்கம் ஒட்டினாற்போல் மேசைமேல் கிடக்கும். ஹாலுக்குத் தூக்கிப் போன அன்று அதைக் கழற்றி மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதுதான் மாறிய மூன்றாவது விஷயம்.

டிஸ்குக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்த பாடம். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். எங்கள் வீடு தாமானில் உள்ள சாதாரண தெரஸ் வீடு. ரௌட்டர் முன் ஹாலில், என் அறை பின்னால், நடுவில் இரண்டு சுவர். அதனால் என் மடிக்கணினி தானாகவே 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும்.

யூஎஸ்பி 3.0 கேபிளில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுது. அவ்வளவு வேகமாக மின்சமிக்ஞை ஏறி இறங்கும்போது கேபிளும் அதன் முனையும் சின்ன ஆன்டெனா மாதிரி இரைச்சலை வெளியே கசியவிடும். அந்த இரைச்சல் அகலமாகப் பரவுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அதற்குள் வந்துவிடுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. மடிக்கணினியின் வைஃபை ஆன்டெனா திரையின் ஓரத்திலோ அடிப்பாகத்திலோ இருக்கும். டிஸ்க் அதற்குப் பக்கத்திலேயே கிடக்குது. திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் அம்மா பேசுவதைக் கேட்க முயற்சி செய்தால் எப்படி இருக்கும்? அம்மா சத்தமாகத்தான் பேசுகிறார். நம் காதுக்குப் பக்கத்தில் மேளம்.

அதனால்தான் அப்பாவின் போன் தப்பித்தது. அதன் காதுக்குப் பக்கத்தில் மேளம் இல்லை. இதில் இன்னொரு துப்பும் இருந்தது. 8.30-க்கு என் கம்பியில்லா மவுஸும் தடுமாறும். அதுவும் 2.4-இல்தான் பேசுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை பேட்டரி மாற்றினேன், வேறென்ன சொல்ல.

சந்தேகம் வந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். மறுநாள் காலை 11 மணிக்கு, வீட்டில் யாரும் இணையம் பயன்படுத்தாத நேரம், ஒரு பெரிய கோப்பை டிஸ்குக்கு நகல் எடுக்க விட்டேன். பிங் 3-லிருந்து 400-க்குத் தாவியது, பிறகு பதிலே இல்லை. நகலை நிறுத்தினேன், 3. மறுபடி ஆரம்பித்தேன், போச்சு. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே. பிறகு வேறு எதையும் தொடாமல் டிஸ்கை மட்டும் நல்ல உறை போட்ட ஒரு மீட்டர் கேபிளில் மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். நகல் ஓடிக்கொண்டே இருந்தது, பிங் 4, 3, 5. கேபிள் விலை பத்து வெள்ளிகூட இல்லை. அம்மாவின் 280 வெள்ளி சீட்டுக்கே திரும்பிப் போனது.

உங்கள் கேஸ் வேறாக இருக்கலாம்

எல்லாருக்கும் டிஸ்க்தான் காரணம் என்று சொல்லவில்லை. பிங் சோதனையில் கோளாறு காற்றுப் பகுதியில்தான் என்று தெரிந்தால், கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒன்று.

ரௌட்டர் எங்கே இருக்குன்னு பாருங்க. நம் வீடுகளில் ஃபைபர் பெட்டி எங்கே பொருத்தினார்களோ அங்கேயே, டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், அழகாக மறைத்து வைத்துவிடுவோம். டிவியின் பின்பக்க உலோகமும் நிலைக்கண்ணாடியின் பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டித் தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். எங்கள் ரௌட்டர் டிவிக்குப் பின்னால்தான் இருந்தது. டிஸ்க் விவகாரம் முடிந்த பிறகு அதை வெளியே எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். கைத்தொலைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்ததில் என் அறையில் மைனஸ் 76-ஆக இருந்தது மைனஸ் 66 ஆனது. இந்த எண்ணுக்கு டிபிஎம் என்று பெயர். சுழியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கோ அவ்வளவு நல்லது. 10 கூடினால் பத்து மடங்கு சக்தி என்று அர்த்தம். மைனஸ் 67-க்கு மேல் இருந்தால் காணொளி வகுப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 80-ஐ ஒட்டினால் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது பக்கத்து வீடுகள். தெரஸ் வீட்டில், ஃபிளாட்டில் சொல்லவே வேண்டாம், ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து வைஃபை பெயர் தெரியும். 2.4 பட்டையில் 13 சேனல் எழுதியிருந்தாலும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் நிற்கின்றன. ஒரு வைஃபைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக, ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது 1, 6, 11 என்ற மூன்றுதான். அந்த மூன்றில் கூட்டம் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். யாரும் இல்லையே என்று 3-ஐயோ 8-ஐயோ எடுத்தால் இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள். 2.4-இல் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20-க்கு இறக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் வேலை செய்கிறது. சாப்பாடு சூடாக்கும்போது மட்டும் வகுப்பு நின்றால் காரணம் அதுதான். முடிந்தவர்கள் 5-க்கு மாறிவிடுங்கள், இந்தக் கூட்டம் அங்கே குறைவு.

இதையெல்லாம் மாற்ற ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். கடவுச்சொல் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பின்னால் ஊசி ஓட்டை மாதிரி ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும், அதை மட்டும் குத்தாதீங்க. இணையச் சேவைக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிந்துவிடலாம். அப்புறம் வீடே இருட்டு. மறுதொடக்கம் வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

மடிக்கணினி மேலேயே சந்தேகம் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே உங்கள் வைஃபை அட்டையைத் திறங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' என்று ஒரு தாவல் இருக்கலாம். சில புது மடிக்கணினிகளில் அது தெரியாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற வரி அங்கே டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரை மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் 'ரோல் பேக்' செய்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம். விண்டோஸில் இருக்கும் 'நெட்வொர்க் ரீசெட்' கடைசி மருந்து. சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொல் எல்லாம் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்தக் கடைசிப் பத்தி என் தங்கச்சியின் மடிக்கணினியில் கற்றது. எல்லாம் முடிந்து அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுண்ணா" என்றாள். அப்போதுதான் சொன்னாள், அவள் கணினியும் மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வைஃபையை இழக்குமாம், மறுபடி தொடங்கினால்தான் வருமாம். பல மாதமாக அப்படித்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நாடகம்னு சொல்லுவ" என்றாள்.

பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்தேன், டிரைவரையும் மாற்றினேன். ஒரு தடவைக்கு ஒன்று என்ற என் விதியை நானே மறுபடி மீறினேன், அதனால் எது குணமாக்கியது என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. அவளும் இப்போது அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: "8.52. இரண்டு நிமிஷம் போச்சு. அம்மா மைக்ரோவேவில் குழம்பு சூடாக்கினாங்க. நான் நாடகம் பார்க்கலை."